கிண்ணியாக் கல்யாணத்தில் ஒரு சஹன் சோறு

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். சிவராத்திரி முடிந்து, கோணேசர் திருகோணமலை வீதிகளில் நகர்வலம் வரும் கிழமை. நானும் மனைவியும் கொழும்பிலிருந்து ரயிலில் அந்த ஊருக்குப் போனோம். பார்க்கிறவர்களுக்கு ஊர் சுற்ற வந்த இளம் தம்பதி. உண்மையில் ஒரு டொக்டர் சொல்லித்தான் போனோம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் முதல் பிள்ளை பிறந்து, கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு பக்கத்துப் பெரியவர்களும், இனி அவள் முன்னால் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். தொட்டிலை எடுத்துவிட்டார்கள். தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளும் எங்கேயோ போயின. அன்பினால் செய்ததுதான். அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. முதலில் பசியில்லை என்றாள். பிறகு, வற்புறுத்தினால் இரண்டு வாய் வைப்பாள்; மூன்றாவது வாய்க்கு ஓங்காளித்துக்கொண்டு எழும்பிவிடுவாள். மணிக்கட்டில் நின்ற வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடியது.

"அமைதியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்" என்றார் டொக்டர். "அங்கே இருந்து யோசிக்கத்தான் நேரம் கிடைக்கும். சனமும் சத்தமும் நல்ல சாப்பாடும் உள்ள ஊராகப் பாரும். அதுக்கும் சரிவரேல்லை எண்டால் ஆஸ்பத்திரி வாட்டில வைச்சு சேலைன் ஏத்த வேண்டித்தான் வரும்."

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தேன். சத்தமுள்ள ஊர் எது என்று அலுவலகத்தில் விசாரித்தேன். மாசியில் திருகோணமலைக்குப் போய்ப் பார், என்றார்கள் எல்லோரும்.

ரயிலில் விடிந்தபோது கந்தளாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு எதிர் ஆசனத்தில் சாறமும் வெள்ளைச் சேர்ட்டும் அணிந்த ஒரு மனிதர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கிண்ணியாக்காரர். நெல் வியாபாரம் என்றும், தன் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்காகக் கொழும்பில் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்புவதாகவும் சொன்னார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நானும் அவரை நானா என்று அழைத்தேன். ஒரு ஓலைப்பெட்டியைத் திறந்து ரொட்டியும் சம்பலும் எடுத்து எங்கள் முன் நீட்டினார். நான் எடுத்தேன். மனைவி தலையை ஆட்டினாள்.

"தங்கச்சி ராவும் ஒண்டும் தின்னல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் வந்தன்" என்றார் என்னிடம். "வருத்தமா?"

"இல்லை. பயணம் ஒத்துவராது" என்றேன். அதுதான் அந்த நாட்களில் நான் எல்லோருக்கும் சொன்ன பதில்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ரயில் சீனன்குடாவைத் தாண்டி, ஜன்னலில் துறைமுகத்து நீர் தெரியத் தொடங்கியபோது, "ஞாயித்துக்கிழம கல்யாணம். ரெண்டு பேரும் வந்துட்டுத்தான் போகணும்" என்றார். வழமையான மரியாதைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிச்சா மட்டும் போதாது தம்பி. ஓம் எண்டு செல்லுங்க."

ஓம் என்றேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தங்குமிடத்தின் மேல்மாடியில் அறை எடுத்தோம். டொக்டர் கேட்ட சத்தம் முதல் நாளே கிடைத்தது. நகர்வலத்துக்காக வீதி முழுதும் வாழை கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் நிறைகுடம். சுவாமி ஒரு சந்திக்கு வந்து நின்றால், அங்கே இரண்டு கூட்டம் நாதஸ்வரக்காரர்கள் எதிரும் புதிருமாக நின்று மாறி மாறி வாசிப்பார்கள். தவில்காரர் ஒருவர் சட்டென்று அடியை நிறுத்தி, மற்றப் பக்கத்துத் தவில்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அவ்வளவுதான், சனம் விசிலடித்துக் கூத்தாடும். தேநீர்க்கடைகளில் வானொலி சினிமாப் பாட்டை உரத்துப் பாடும். மாலையில் மைதானத்தில் கடற்படை வாத்தியக் குழு வெள்ளை உடுப்பில் ஆங்கில மெட்டுகளை வாசிக்கும். கச்சான் கடலை விற்கிறவன் அதே தாளத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போவான். சிங்களம், மலாய், ஆங்கிலம், மூன்று விதமான தமிழ் என்று ஒரே வீதியில் கேட்டேன்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். காலையில் சிவப்பரிசி இடியப்பமும் மஞ்சள் சொதியும். மதியம், அன்று விடிய வலையில் வந்த பாரை மீன் குழம்பு. கணவாய்ப் பொரியலை மிளகு தூக்கலாகச் செய்யும் ஒரு கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. கதிரை கிடைக்காமல் சனம் சுவரோரம் நின்று சாப்பிட்டது. கிண்ணியாவிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிரைக் கவிழ்த்தால் விழாது. அதன்மேல் வெல்லப் பாகு போன்ற பாணியை ஊற்றித் தருவார்கள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். எனக்கு முன்னால் அவளுடைய தட்டு, பரிமாறியபடியே இருக்கும்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. எனக்கு ஏலாது" என்பாள்.

கோணேசர் கோயிலுக்கு மலையேறினோம். பாதி வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். மேலே, பாறை விளிம்பில் காற்று அடித்தபோது நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் பிடித்தேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கப் போனோம். ஏழு கிணறுகளிலும் ஏழு விதமான சூடு. வாளியில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு சிறுவர்கள் கூச்சலிட்டார்கள். நல்ல இடத்துக்குத்தான் வந்தோம் என்று நான் நினைத்தபோது, அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். கொஞ்சம் தள்ளி, ஈர வேட்டியோடு ஒரு குடும்பம் ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்வதற்கும் அங்கே வருவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஐயர் இறந்தவரின் பெயரைச் சொல்லச் சொல்ல, மகன் திருப்பிச் சொன்னான்.

"போவம்" என்றாள்.

அன்று தேநீர்கூட வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் ரயிலில் கொழும்புக்குத் திரும்பி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கிண்ணியாவுக்குப் போக இடையில் நீரைக் கடக்க வேண்டும். பஸ், லொறி, மாட்டுவண்டி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான ஓடத்தை அங்கே பாதை என்பார்கள். அக்கரையில் நானா எங்களுக்காக நின்றார். கல்யாண வேலைகளை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றிருக்கிறார்.

"வரமாட்டாங்க எண்டு என்ட மச்சான் பந்தயம் கட்டினான். தோத்துட்டான்" என்றார்.

கல்யாண வீட்டு மணல் முற்றம் முழுதும் கிடுகுப் பந்தல். உள்ளே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்தார். அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வட்டமாகச் சுற்றிக் கைக்கம்புகளைத் தட்டிப் பாடி ஆடினார்கள். களிகம்பு என்றார் நானா. ஒருவரின் கம்பு மற்றவரின் கம்பில் படும் ஓசையும் காலடியும் பாட்டும் ஒன்றுக்கொன்று பிசகவில்லை. வாசலுக்கு வந்ததும் உள்ளேயிருந்து பெண்கள் நாக்கைச் சுழற்றி உரத்துக் குரவை போட்டார்கள். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, குரவை வந்த பக்கம் எட்டிப் பார்த்தாள்.

நானா ராத்தா என்று அழைக்கும் அவருடைய மூத்த சகோதரி, நல்ல உயரமான, பெரிய குரல் கொண்ட பெண், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"வாங்க புள்ள உள்ளுக்கு. இந்த ஆம்புளையளுக்குள்ள நிண்டு என்ன செய்யப் போறீங்க? நெல்லு வெலதான் கதைப்பாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். நடுவில் ஒரு கனமான திரை தொங்கியது. அந்தத் திரைக்கு அப்பால் நடந்தது ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் கலக்காமல் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆகவே முதலில் நான் கேட்டதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். அங்கே ஆளுக்கொரு தட்டு இல்லை. பெரிய தாம்பாளம் ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தாம்பாளத்துக்குச் சஹன் என்று பெயர். எங்கள் சஹன் வந்ததும் நானா, "இதுக்கு மாட்டிறைச்சி வைக்க வேணாம். கோழியும் மீனும் போதும்" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

எனக்காக மற்ற ஐந்து பேரும் விடுகிறார்கள் என்று விளங்கி, நான் மறுத்தேன். எதிரில் இருந்தவர், பந்தயத்தில் தோற்ற அதே மச்சான், தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். "ஒரு நாளைக்குத் தின்னாட்டி நான் மெலிஞ்சிர மாட்டன் தம்பி. எனக்குப் பயமில்ல."

"உள்ளுக்கும் ஒங்கட ஆள் இருக்கிற சஹனுக்கு அப்படித்தான் செல்லியிருக்கு" என்றார் நானா.

சோற்றில் கை வைத்தோம். நெய்ச்சோறும் கோழிக்கறியும் புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காயும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். என் வாழ்க்கையில் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று. நானா கோழித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். திரைக்கு அப்பால் பெண்கள் கவி பாடத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து, நின்ற இடத்திலேயே கட்டிப் பாடும் நாலடிப் பாட்டு அது. ஒரு குரல் பாடும், மற்றவர்கள் சிரிப்பார்கள், இன்னொரு குரல் பதில் சொல்லும். நானாவின் சகோதரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மாங்காய் இனிக்குதாம்
மணிச்சோறு கசக்குதாம்
பூங்கொடி வயித்துக்குள்ள
பூத்ததென்ன பூ மச்சி?

உள்ளே பெருஞ்சிரிப்பு. குரவை. எங்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். "யாருக்கோ வயித்துல புள்ள. எங்கட ராத்தாட கண்ணுக்குத் தப்ப ஏலாது" என்றார் மச்சான்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மெலிந்த இளம்பெண், புதிதாகக் கல்யாணமானவள், சோற்றைக் கண்டால் ஓங்காளிக்கிறாள். கல்யாண வீட்டுப் பெண்களுக்கு வேறு என்ன தோன்றும்? அந்தப் பாட்டு என் மனைவிக்காகப் பாடிய பாட்டு.

இரண்டாவது கவி தொடங்கியது. நடுவில் அறுந்தது. சிரிப்பும் நின்றது. அத்தனை பெண்கள் இருந்த இடத்தில் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை.

நான் எழும்பப் போனேன். நானா தன் இடது கையை என் முழங்காலில் வைத்தார்.

"தம்பி, நீங்க எழும்பினா நாங்க அஞ்சு பேரும் எழும்பணும். சஹன்ல அப்படித்தான். என்ன நடந்த?"

பாதிச் சோறு மிச்சம். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்துவராத பயணத்தைப் பற்றி இனிச் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்ததையும் இறந்ததையும், பிறகு அவள் சாப்பிடாததையும் தாழ்ந்த குரலில் சொன்னேன். ஒரு வெளியாளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சான் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"அல்லாஹ்வே. பாட்டும் பாடிட்டாங்களே" என்றார்.

"அவளைக் கூப்பிட்டு விடுங்கோ நானா. நாங்கள் போறம்."

"கூப்பிட ஏலாது. அவவும் சஹன்ல இருக்கா. அங்க என்ட ராத்தா இருக்கா. பொறுங்க." பிறகு என் பக்கம் இருந்த சோற்றைக் கூட்டிக் குவித்துவிட்டு, "தின்னுங்க தம்பி. நீங்க தின்னாம நாங்க தின்ன மாட்டம்" என்றார்.

ஆறு பேரும் தலை குனிந்து சாப்பிட்டு முடித்தோம். கடைசியில் இனிப்பாக வட்டிலப்பம் வந்தது. கை கழுவச் செம்பும் தண்ணீரும் வந்தன. ஆண்கள் பக்கத்துப் பாய்கள் சுருட்டப்பட்டு அடுத்த பந்திக்கு விரிக்கப்பட்டன. பெண்கள் பக்கத்திலும் சஹன்கள் ஒவ்வொன்றாகக் குசினிக்குப் போவது கேட்டது. என் மனைவி வரவில்லை.

அடுத்த பந்திக்கு முற்றத்தில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "உள்ளுக்கு ஒரு சஹன் இன்னும் எழும்பல்லையாம். அவங்க என்ன, நோன்பு திறக்கிறாங்களா?" என்றாள். பக்கத்தில் நின்றவள் அவளுடைய காதில் ஏதோ சொன்னாள். முதலாமவள் கையால் வாயை மூடிக்கொண்டு, தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பசியோடு வந்தவர்கள் அத்தனை பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். நானா மட்டும் வெயிலைப் பார்த்தார். பொழுதுபட்டால் பாதை ஓடாது.

இடையில் ஒரு தடவை திரைக்கு அப்பாலிருந்து நானாவின் சகோதரியின் குரல் வந்தது. இப்போது தாழ்ந்திருந்தது. அரபியில் ஓதுவது போலவும், இடையிடையே தமிழில் ஏதோ வேண்டிக்கொள்வது போலவும் இருந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. தமிழ்ப் பெயர். மற்றப் பெண்கள் ஆமீன் என்றார்கள். யாரோ அயலவராக இருக்கும் என்று நினைத்தேன்.

வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் திரை விலகியது. என் மனைவியின் கண் வீங்கியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. சேலை மடிப்பில் ஒரு நெய்ச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஐந்து பெண்கள்.

மூத்தவர், நானாவின் ராத்தா, என்னைப் பார்த்து, "தம்பி, தின்னிருக்கா. வட்டிலப்பமும் தின்னிருக்கா. நாங்க அஞ்சு பேரும் சாட்சி" என்றார். பிறகு, "நான் பாடின பாட்ட மன்னிச்சுக்குங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்கு முன் என் மனைவி சொன்னாள்: "அக்கா, நீங்கள் பாடாட்டில் நான் சொல்லியிருக்க மாட்டன்."

பாதையில் திரும்பி வரும்போது ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு லொறிக்கும் நெல்மூட்டை ஏற்றிய வண்டிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. உள்ளே நடந்ததை அப்போதுதான் அவள் சொன்னாள். இனி வருவது அவள் சொன்னது.

சோற்றில் கை வைத்ததும் குமட்டியிருக்கிறது. மூத்தவர் அதைக் கண்டு, "எத்தின மாசம் புள்ள?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு வாய் வரவில்லை. வெட்கம் என்று நினைத்துப் பாடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது கவியில் தொட்டில் வந்திருக்கிறது. அந்தச் சொல்லில் இவள், "பிள்ளை பிறந்தது. செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

"ஒருத்தரும் 'அழாதே' எண்டு சொல்லேல்லை" என்றாள். "மறந்துவிடு எண்டும் சொல்லேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை, அவவுக்கு என்ர வயசுதான் இருக்கும், யாரை மாதிரி இருந்தது எண்டு கேட்டா."

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"நிறையத் தலைமயிர் எண்டு சொன்னனான். காது மட்டும் உங்கட காது, ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. அதுக்கு எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சிட்டன்."

பிறகு மூத்தவர் பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கிறார். பெயர் வைக்கும் முன் போய்விட்டது என்று சொல்ல நினைத்தாளாம். ஆனால் வயிற்றில் இருந்தபோதே மனதுக்குள் ஒரு பெயரை வைத்து அழைத்துக்கொண்டிருந்தவள் அவள். எனக்கும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

பாதையில் என்னிடமும் சொன்னாள். திரைக்கு இப்பால் நான் கேட்ட பெயர்.

அதன் பிறகு அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்களுடையதைச் சொன்னார்களாம். மூத்தவருக்கு இரண்டு பிள்ளைகள் தவறியிருக்கின்றன. ஒன்றுக்குப் பல் முளைத்திருந்ததாம். இன்னொருத்திக்கு ஒரு பையன், காய்ச்சலில். சின்னப் பிள்ளைகள் சுவர்க்கத்தில் பறவைகளாக இருப்பார்கள் என்றாராம் மூத்தவர். "ஒங்கட மகளும் எங்கடதுகளோடதான் பறந்துக்கிட்டிருப்பா" என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லி இறைவனிடம் துஆக் கேட்டிருக்கிறார். வரிசையில் கடைசிப் பெயர் எங்கள் மகளுடையது.

"பிறகு என்ன நடந்தது?"

"சோறு ஆறிப்போச்சு. அழுதுகொண்டே தின்னலாம் புள்ள, அது ஒண்டும் செய்யாது, நாங்களும் அப்படித்தான் திண்டம் எண்டு அவ சொன்னா. நான் தின்னத் தொடங்கினன். எனக்குக் கனநேரம் எடுத்தது. அவை எப்பவோ சாப்பிட்டு முடிச்சிட்டினம். ஆனால் ஒருத்தரும் கையை எடுக்கேல்லை. சோத்தை அளைஞ்சு கொண்டு, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில போட்டுக்கொண்டு, சாப்பிடுற மாதிரி இருந்தவை. நான் முடிக்குமட்டும்."

அக்கரை வந்துவிட்டது. லொறி முதலில் இறங்கியது. அதன் பின்னால் நாங்களும் இறங்கினோம்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கொழும்புக்குத் திரும்பிய பிறகும் சாப்பிடாத நாட்கள் வந்தன. அழுத நாட்கள் கூடின. ஆனால் இப்போது எதற்கு அழுகிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்வேன். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய தேவை வரவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் ரயிலையும் நாங்கள் பிடிக்கவில்லை. திருகோணமலையில் இன்னும் இரண்டு நாள் நின்றோம். சந்தைக்குப் பின்னால் இருந்த கடையில், சுவரோரம் நின்று கணவாய்ப் பொரியல் சாப்பிட்டாள். உறைப்பு என்று முகத்தைச் சுளித்துவிட்டு என் தட்டிலிருந்தும் எடுத்தாள். நகர்வலத்தின் கடைசி நாள் தவில் அடியில், அவளுடைய விரல்கள் என் கைமேல் தாளம் போட்டன. அவளுக்கு அது தெரிந்திருக்காது. நான் கையை அசைக்கவில்லை.

அந்த ஐந்து பெண்களில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. நானாவை இரண்டு வருஷம் கழித்துக் கோட்டை ரயில் நிலையத்தில் தற்செயலாகக் கண்டேன். அப்போது எங்கள் பையன் பிறந்திருந்தான். சொன்னேன். "ராத்தாட்டச் செல்றன். அவ குரவ போடுவா, கொழும்புக்குக் கேக்கும், காதப் பொத்திக்குங்க" என்று சிரித்தார்.

இப்போது எங்களுக்கு இரண்டு பையன்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், என் மனைவி மூன்று என்கிறாள்; மூத்தவளின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள். அப்படிப் பதில் சொல்லும் தைரியத்தை, முன்பின் அறியாத ஐந்து பெண்கள் கிண்ணியாவில் ஒரு மத்தியானம் சோற்றோடு சேர்த்து எங்களுக்குத் தந்தார்கள் என்று, அவள் அந்தப் பதிலைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.